யத்தீமுக்குக் கொடுக்கும் புத்தகம்

ஜுமுஆ உரை, கொடும்பாளூர்

அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹி வ அலா ஆலிஹி வ ஸஹ்பிஹி அஜ்மஈன். அம்மா பஅத்.



மூன்று வாரத்துக்கு முன்னால் இதே மிம்பரில் நின்று ஓர் அறிவிப்புச் செய்தேன். நம் பகுதி வாலிபர்கள் நான்கு பேர் கிழக்கிலங்கையில் ஓர் அநாதை இல்லத்துக்குப் போய், அங்குள்ள பிள்ளைகளுக்காக ஒரு நூலக அறையை ஒழுங்கு செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஒருவர் ஆசாரி வேலை தெரிந்தவர். ஒருவர் கத்தாரில் எலக்ட்ரீஷியன், லீவில் வந்தவர், லீவில் பாதியை அங்கேயே செலவழித்துவிட்டார். அலமாரி தயார், விளக்கும் மின்விசிறியும் போட்டாயிற்று, புத்தகம்தான் வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு மறுபடி போகும்போது கொண்டுபோவார்கள், வீட்டில் உள்ள புத்தகங்களைப் பள்ளியில் கொண்டுவந்து சேருங்கள் என்று சொன்னேன். மாஷா அல்லாஹ், 14 பெட்டி சேர்ந்தது. ஒளு செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறதே, எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

நேற்று பஜ்ருக்குப் பிறகு மோதினார் பாயும் நானும் மதரஸாப் பிள்ளைகள் இருவரும் உட்கார்ந்து அவற்றைப் பிரித்தோம். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். யார் மனதையும் புண்படுத்துவதற்காக அல்ல. கடைசிவரை கேளுங்கள், என் பெயரும் அதில் வரும்.

பெட்டிகளில் என்ன இருந்தது? பன்னிரண்டாம் வகுப்புக் கோனார் உரை, அட்டை இல்லாமல். மாறிப்போன பாடத்திட்டத்தின் பாடப் புத்தகங்கள். வங்கித் தேர்வு வழிகாட்டி. விண்டோஸ் 98 கற்றுக்கொள்வது எப்படி என்று ஒன்று. பாதி எழுதிய டைரிகள். ஒரு நகைக்கடையின் நகை டிசைன் புத்தகம். வாஸ்து புத்தகம் ஒன்றும் இருந்தது, அதை எந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். கரையான் தின்ற யாஸீன் கிதாபுகள் இரண்டு கட்டு. அவற்றை வெளியே போட மனமில்லாமல், பள்ளிக்குக் கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று கொண்டுவந்திருக்கிறீர்கள். அதை மட்டும் முறைப்படி அடக்கம் செய்ய எடுத்து வைத்துவிட்டோம். 14 பெட்டியில் ஒரு பத்து வயதுப் பிள்ளை கையில் எடுத்துப் படிக்கக்கூடியது என்று பொறுக்கினால் மூன்று பெட்டிகூட முழுதாக நிரம்பவில்லை.

அன்பானவர்களே, இது நம் ஊரில் மட்டும் நடக்கிற காரியமல்ல, இன்றைக்கு நடக்கிற காரியமும் அல்ல. நபி (ஸல்) அவர்கள் காலத்து மதீனாவிலேயே நடந்திருக்கிறது. பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள், திர்மிதீயில் 2987-ஆவது ஹதீஸ். அன்ஸாரிகள் பேரீச்சந் தோட்டக்காரர்கள். அறுவடை வந்தால் குலையைக் கொண்டுவந்து பள்ளிவாசலில் தொங்கவிடுவார்கள். திண்ணைத் தோழர்கள், அதாவது ஊரும் உறவும் இல்லாமல் பள்ளியிலேயே தங்கி இல்மு படித்த அஹ்லுஸ் ஸுஃப்பா, பசித்தால் வந்து அந்தக் குலையைத் தடியால் தட்டி விழுவதை உண்பார்கள். சிலர், நல்லதில் அவ்வளவு ஆசை இல்லாதவர்கள், சுருங்கிப்போன காய், ஒடிந்துபோன குலை இவற்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவார்கள். தர்மக் கணக்கில் சேர்ந்துவிடும் அல்லவா! அப்போதுதான் ஸூரத்துல் பகராவின் 267-ஆவது வசனம் இறங்கியது. நீங்கள் சம்பாதித்ததில் நல்லதைச் செலவிடுங்கள், மட்டமானதைத் தேடி எடுத்துக் கொடுக்காதீர்கள் என்று சொன்ன அல்லாஹ் அதோடு நிறுத்தவில்லை. அதே பொருளை உங்களுக்கு ஒருவர் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டாலன்றி நீங்கள் வாங்கமாட்டீர்களே என்றும் கேட்கிறான். அதன் பிறகு அவரவர் தம்மிடம் இருந்ததில் நல்லதைக் கொண்டுவந்தார்கள் என்று பராஃ (ரலி) சொல்கிறார்கள்.

கவனியுங்கள். பள்ளிவாசல், படிக்கிற ஏழைகள், அவர்களுக்காக ஊரார் கொண்டுவந்து வைத்த பொருள். ஒளு செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நம் பெட்டிகளுக்கும் அந்தக் குலைக்கும் என்ன வித்தியாசம்?

யத்தீம் விஷயத்தில் இது இன்னும் ஒரு படி கடுமையாகிறது. ஏழைக்குக் கொடுப்பது ஸதகா. யத்தீமைப் பற்றிக் குர்ஆன் பேசும்போது பல இடங்களில் அவனுடைய பொருளைப் பற்றிப் பேசுகிறது. ஸூரத்துன் நிஸா தொடங்கியவுடன், இரண்டாவது வசனத்திலேயே, யத்தீம்களின் பொருளை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள், நல்லதற்குப் பதிலாகக் கெட்டதை மாற்றிவைக்காதீர்கள் என்று வருகிறது. முஃபஸ்ஸிரீன்கள் இதற்கு விளக்கம் எழுதும்போது ஜாஹிலிய்யாக் காலத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்கிறார்கள். யத்தீமின் மந்தையில் கொழுத்த ஆடு இருக்கும். பொறுப்பாளர் அதை ஓட்டிக்கொண்டு போய்த் தன் மந்தையில் விட்டுவிட்டு, தன்னுடைய மெலிந்த ஆட்டை இங்கே விடுவார். கேட்டால் ஆட்டுக்கு ஆடு, கணக்கு சரியாக இருக்கிறது என்பார்.

புத்தகத்துக்குப் புத்தகம், எண்ணிக்கை சரியாக இருக்கிறது, 14 பெட்டி.

மஸ்ஜிதுந் நபவி கட்டிய வரலாற்றை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஒட்டகம் போய் மண்டியிட்ட இடம் ஒரு பேரீச்சங்களம், பழம் காயப்போடுகிற இடம். அது ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு யத்தீம் பிள்ளைகளுக்குச் சொந்தம். அவர்கள் அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்களின் பராமரிப்பில் இருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளைகளையே கூப்பிட்டு விலை பேசினார்கள். பிள்ளைகள் சும்மாவே தருகிறோம் யா ரஸூலல்லாஹ் என்றார்கள். நபியவர்கள் சும்மா வாங்க மறுத்து, விலைக்குத்தான் வாங்கினார்கள். புகாரியில் 3906-ஆவது ஹதீஸில் இது இருக்கிறது. அல்லாஹ்வின் வீட்டைக் கட்டுவதற்கு, அல்லாஹ்வின் தூதர் கேட்கிறார்கள், பிள்ளைகளும் மனமுவந்து கொடுக்கிறார்கள். அப்போதும் யத்தீமின் பொருள் இலவசமாக வேண்டாம். அதே ஹதீஸில் அடுத்து வருவது, அந்தப் பள்ளிக்கு நபியவர்களும் தோழர்களோடு சேர்ந்து கல் சுமந்தார்கள் என்பது. நம் நான்கு வாலிபர்களும் அங்கே போய்ப் பலகை சுமந்தார்களே, அவர்கள் நிய்யத்தில் இந்த ஸுன்னத்தையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். அறிவிப்புச் செய்த அன்றைக்கு முதல் ஆளாக நானும் ஏழு புத்தகம் கொண்டுவந்து வைத்தேன். நேற்று என் கையாலேயே அவற்றை எடுத்தபோதுதான் பார்த்தேன், அதில் ஐந்து உர்தூ. அரபிக் கல்லூரியில் ஓதும்போது வாங்கியவை. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த உர்தூ நூல் எதற்கு? என் வீட்டு அலமாரியில் என் பிள்ளைகள் படித்து முடித்த நபிமார் வரலாற்றுப் படப் புத்தகங்கள் வரிசையாக இருக்கின்றன. அட்டைகூட மடங்கவில்லை. கொடுக்கலாமா என்று ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பேரன் பேத்திக்கு ஆகும் என்று திரும்ப வைத்தவன் நான். மூத்த மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் பேரனுக்குப் புத்தகம்! ஆக, ஒடிந்த குலையைத் தொங்கவிட்டவர்களில் உங்கள் இமாமும் ஒருவர். அஸ்தஃபிருல்லாஹ்.

இதைச் சொன்னால் சிலர், அப்படியானால் யத்தீம் விஷயத்தில் கையே வைக்கமாட்டேன் ஹஸ்ரத், பயமாக இருக்கிறது என்பார்கள். அந்தப் பயமும் ஸஹாபாக்களுக்கு வந்தது. யத்தீமின் பொருளை உண்பவர் வயிற்றில் நெருப்பை நிரப்புகிறார் என்ற வசனம் இறங்கியதும், தங்கள் வீட்டில் யத்தீமை வளர்த்தவர்கள் அவனுடைய சாப்பாட்டைத் தனியாக, தண்ணீரைத் தனியாக வைத்துவிட்டார்கள். அவன் சாப்பிட்டு மிச்சமானதை யாரும் தொடாமல் அது கெட்டுப்போனது. இது அவர்களுக்குப் பெரிய சிரமமாகி நபியவர்களிடம் சொன்னபோது, பகராவின் 220-ஆவது வசனம் இறங்கியது: அவர்களுக்குச் சீரானதைச் செய்வதே நல்லது, அவர்களோடு கலந்து வாழ்ந்தால் அவர்கள் உங்கள் சகோதரர்கள், கெடுப்பவன் யார் சீர்செய்பவன் யார் என்று அல்லாஹ் அறிவான். அபூதாவூதில் இந்தச் செய்தி இருக்கிறது. எனவே பயந்து ஒதுங்குவதும் தீர்வல்ல. உங்கள் வீட்டில் உங்கள் பிள்ளை எந்த அலமாரியிலிருந்து எடுத்துப் படிக்கிறதோ அந்த அலமாரியிலிருந்து எடுங்கள். அவ்வளவுதான் கேட்கப்படுகிறது.

அல்லாஹ் யத்தீம்களைக் கொண்டு இந்த தீனுக்கு எவ்வளவு பெரிய வேலை வாங்கியிருக்கிறான் என்பதைக் கொஞ்சம் பாருங்கள். நம் மத்ஹபின் இமாம், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஹிஜ்ரி 150-ல் காஸாவில் பிறந்தார்கள். ஆம், இன்று நாம் துஆவில் பெயர் சொல்லி அழுகிறோமே, அந்த காஸா. தந்தை இறந்துவிட்டார். தாய் சிறு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மக்கா வந்தார்கள். ஓதிக்கொடுக்கிற உஸ்தாதுக்குக் கொடுக்க அந்தத் தாயிடம் காசு இல்லை. உஸ்தாது எழுந்துபோகும் நேரங்களில் மற்றப் பிள்ளைகளை இவர் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவே சம்பளம் என்று ஏற்பாடு. எழுதக் காகிதம் கிடையாது. எலும்பில் எழுதிப் பழைய ஜாடியில் போட்டு வைப்பார்கள். அரசு அலுவலகத்துக்குப் போய், ஒரு பக்கம் எழுதி முடித்த தாள்களைக் கேட்டு வாங்கிவந்து மறுபக்கத்தில் எழுதுவார்கள். அந்த அலுவலகத்தில் தாளைக் கொடுத்தவர் யாரென்று தெரியவில்லை. அவர் எடுத்துக் கொடுத்தது ஓர் உம்மத்துக்கே கிதாபாகத் திரும்பியது.

உடனே ஒருவர் நினைப்பீர்கள், அதுவும் பழைய தாள்தானே ஹஸ்ரத், ஒருபக்கத் தாள் கொடுத்தே ஷாஃபிஈ இமாம் வரவில்லையா என்று. அவர்கள் என்ன கேட்டார்களோ அது கிடைத்தது என்பதுதான் அங்கே விஷயம். எழுத இடம் கேட்டார்கள், எழுத இடம் கிடைத்தது. பழையது கொடுப்பது குற்றமல்ல. உதவாததைக் கொடுப்பதுதான் குற்றம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் தந்தை கம்பளி நூற்றுப் பிழைத்தவர் என்று ஸுப்கி எழுதுகிறார். அவருக்கு எழுதத் தெரியாது. அந்த ஏக்கம் மனதில் இருந்தது. மரண நேரத்தில் தன் நண்பரான ஒரு ஸூஃபியிடம் இரண்டு மகன்களையும், முஹம்மதையும் அஹ்மதையும் ஒப்படைத்தார். எனக்கு எழுதத் தெரியாமல் போனது பெரிய வருத்தம், என் இரண்டு பிள்ளைகளுக்காவது அது கிடைக்கவேண்டும், நான் விட்டுப்போகிற பணம் முழுதும் அதற்கே செலவானாலும் சரி என்று வஸிய்யத் செய்தார். அந்த நண்பர் அப்படியே செய்தார். பணம் கொஞ்சம்தான். ஒரு நாள் தீர்ந்துபோயிற்று. அவர் என்ன செய்தார்? பிள்ளைகளை உட்காரவைத்து, உங்கள் பணம் உங்களுக்காகவே செலவாகித் தீர்ந்துவிட்டது, நானோ ஏழை, உங்களுக்குத் தர என்னிடம் ஒன்றும் இல்லை, ஏதாவது மதரஸாவில் மாணவராகச் சேர்ந்துகொள்ளுங்கள், உணவும் கிடைக்கும் ஓதவும் செய்யலாம் என்று சொன்னார். எனக்கு இந்த நண்பரை ரொம்பப் பிடிக்கும். பெரிய வள்ளல் இல்லை அவர். யத்தீமுக்குக் கணக்குச் சொன்னார். சிறு பிள்ளைதானே, இவனுக்கென்ன கணக்கு என்று நினைக்கவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவர்தான் இஹ்யா உலூமித்தீன் எழுதினார்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நாம் ஏன் என்ற கேள்வியும் காதில் விழுந்தது. நம் பக்கத்திலேயே நடந்த ஒரு வரலாறு சொல்கிறேன்.

1921-ல் மலபார். கிளர்ச்சி, அதை ஒடுக்க வந்த பட்டாளம், ராணுவச் சட்டம். அந்த நவம்பரில் திரூரிலிருந்து ஏறத்தாழ நூறு கைதிகளைக் காற்றோட்டம் இல்லாத சரக்கு வண்டியில் அடைத்து அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது பிணங்கள். 70 பேரளவில் மூச்சுமுட்டி இறந்தார்கள். போத்தனூர் நம் தமிழ்நாடு, கோயம்புத்தூருக்குப் பக்கம். அப்படி இறந்தவர்கள், தூக்கிலிடப்பட்டவர்கள், அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்கள் எல்லோருக்கும் பின்னால் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக 1922-ல் கோழிக்கோட்டில் ஜே.டி.டி. இஸ்லாம் யத்தீம்கானாவைத் தொடங்கியவர் மலையாளி அல்லர். பஞ்சாபின் கஸூர் ஊரைச் சேர்ந்த வழக்கறிஞர், மௌலானா அப்துல் காதர் கஸூரி. கஸூர் எங்கே, கோழிக்கோடு எங்கே! இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அங்கே பேச்சு பஞ்சாபி, இங்கே மலையாளம். சாப்பாடு வேறு, உடை வேறு. நாட்டின் எல்லைகள் மாறி இன்று அந்தக் கஸூர் பாகிஸ்தானில் இருக்கிறது. யத்தீம்கானா இன்றும் கோழிக்கோட்டில் இருக்கிறது, பள்ளிக்கூடங்களோடும் பாலிடெக்னிக்கோடும். அவர் அன்று தன் ஊர்ப் பிள்ளைகளை மட்டும் பார்த்திருந்தால்?

அதே மலபாரில் 1943-ல் காலரா வந்தபோது திரூரங்காடியில் இன்னொரு யத்தீம்கானா தொடங்கியது. அதிலிருந்து 1968-ல் ஒரு கல்லூரி வந்தது. அதன் பெயர் பி.எஸ்.எம்.ஓ. கல்லூரி. அந்த ஓ என்ற எழுத்து ஆர்ஃபனேஜைக் குறிக்கிறது. பட்டம் வாங்குகிற ஊர்ப் பிள்ளை ஒவ்வொருவரின் சான்றிதழிலும் யத்தீம்கானாவின் பெயர் இருக்கிறது. தாய் தகப்பன் உள்ள பிள்ளைகள் யத்தீம்களின் இடத்தில் விருந்தாளிகளாகப் படிக்கிறார்கள். யத்தீமுக்கு நல்லதைக் கட்டினால் அது ஊருக்கே போதும்.

இனி, நம் வாலிபர்கள் அங்கே பார்த்துவந்த ஒரு விஷயம். இதைச் சொல்லாமல் இந்த உரை முடியாது.

அந்த இல்லத்தில் ஏற்கெனவே புத்தகம் இருந்ததாம். அலுவலக அறையில் கண்ணாடி அலமாரி. உள்ளே பளபளவென்று நல்ல புத்தகங்கள், முதல் பக்கத்தில் கொடுத்தவர் பெயரும் ஊரும் எழுதி. அலமாரிக்குப் பூட்டு. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள், தொலைத்துவிடுவார்கள், யாராவது பெரியவர்கள் பார்க்க வந்தால் காட்ட வேண்டும் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். நிர்வாகத்தைக் குறை சொல்லவில்லை, அமானிதத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் அவர்களும் நினைத்திருக்கிறார்கள். நம் பையன் ஒரு சிறுவனிடம், இதெல்லாம் யாருடைய புத்தகம் என்று கேட்டானாம். ஆபீஸ் புத்தகம் என்றானாம் அந்தப் பிள்ளை.

யத்தீமின் பெயரால் வந்தது, யத்தீமின் கண்ணெதிரே இருக்கிறது, யத்தீமின் கை மட்டும் எட்டாது. ஸூரத்துல் மாவூனை எல்லோருக்கும் மனப்பாடம். தீனைப் பொய்யாக்குபவன் யத்தீமைத் தள்ளிவிடுபவன் என்று அதில் வருகிறது. தள்ளுவது என்றால் கையால் தள்ளுவது மட்டும்தானா என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அதனால்தான் நம் வாலிபர்கள் புதிய அலமாரிகளைப் பிள்ளைகளின் இடுப்பு உயரத்துக்கு அடித்திருக்கிறார்கள். கதவு வைக்கவில்லை. தரையில் பாய் விரித்திருக்கிறார்கள். இரவல் நோட்டை எழுதுகிற பொறுப்பை அங்கே மேல் வகுப்புப் படிக்கும் இரண்டு பிள்ளைகளிடமே கொடுத்திருக்கிறார்கள். கிழிந்தால்? கிழியட்டும். என் வீட்டில் கிழியாத புத்தகங்கள் எப்படி இருந்தன என்று முன்பே சொன்னேன், யாரும் தொடாததால் கிழியவில்லை.

கொடுக்கிறவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதாதீர்கள். உங்கள் வாப்பா, உம்மா பெயரில் ஈஸால் ஸவாபாக நிய்யத் செய்கிறீர்களா, அல்லாஹ்விடம் சொல்லுங்கள், அவனுக்குத் தெரியும். எழுதத்தான் வேண்டுமென்றால், அந்தப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள், படிக்கிற பிள்ளை தன் பெயரை எழுதிக்கொள்ளட்டும். போகிற வாலிபர்களும் போட்டோ விஷயத்தில் கவனமாக இருங்கள். புத்தகத்தை நீட்டுகிற கை, வாங்குகிற முகம், அது வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றும். நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து ஒரு டாக்டராகவோ ஆலிமாகவோ நிற்கும்போது அந்தப் படம் எங்கேயோ இருக்கும். சொல்லிக்காட்டியும் மனம் நோகச் செய்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று பகராவின் 264-ல் அல்லாஹ் தடுத்திருக்கிறானே. போட்டோவும் ஒரு சொல்லிக்காட்டல்தான். அலமாரியைப் படம் எடுங்கள், போதும்.

பத்து நாள் இருந்து, தோளில் தூக்கிக் கொஞ்சி, பதினோராம் நாள் விமானம் ஏறிவிடுகிறோமே, அதையும் யோசிக்க வேண்டும். ஏற்கெனவே ஒருவரை இழந்த பிள்ளை அது. ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு புது மாமா வந்து போனால் அந்த மனம் என்ன ஆகும்? உலகெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள். மார்க்கத்திலும் யத்தீம் என்பது பருவம் அடைவதற்குள் தகப்பனை இழந்த பிள்ளைதான். தாய் பெரும்பாலும் இருப்பாள். எனவே இந்த முறை போகும்போது, விடுமுறைக்குத் தாய் வீடு போகிற பிள்ளை கையோடு இரண்டு புத்தகம் எடுத்துப் போகலாம் என்ற ஏற்பாட்டையும் பேசிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாய்க்குப் படிக்கத் தெரிந்தால் அவளும் படிக்கட்டும்.

மூன்று பெட்டி வைத்துக்கொண்டு என்ன நூலகம் என்று சலிக்க வேண்டாம். அதே இலங்கையில் யாழ்ப்பாண நூலகம் 1933-ல் செல்லப்பா என்ற ஒருவரின் வீட்டில்தான் தொடங்கியது. அதற்குப் பெரிய கட்டடம் எழுப்பும்போது இக்கரையிலிருந்தும் கை கொடுத்தார்கள். வரைபடம் போட்டவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன், ஆலோசனை சொன்னவர் நம் எஸ்.ஆர். ரங்கநாதன். 1981-ல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரு வீட்டில் தொடங்கியது அவ்வளவு தூரம் வளர்ந்திருந்தது. புத்தகம் எரிந்தால் எப்படி இருக்கும் என்று அறிந்த மண் அது. அங்கே ஓர் அலமாரி வைப்பது சின்ன விஷயம் இல்லை.

நம் மாவட்டத்துக்கும் இது புதிதில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், 1991-ல் அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டராக இருந்தார். படித்த பிள்ளைகள் சம்பளம் வாங்காமல் ராத்திரி நேரத்தில் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் எழுத்தும் படித்தார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் அடுத்த சிக்கல் வந்தது, படிப்பதற்கு என்ன இருக்கிறது? அதற்காகவே பெரிய எழுத்தில் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டார்கள். படிப்பவர் யார் என்று பார்த்துப் புத்தகம் கொடுப்பது அதுதான். புதுக்கோட்டையில் ஞானாலயா நூலகத்தைப் போய்ப் பாருங்கள். கிருஷ்ணமூர்த்தி ஐயாவும் டோரதி அம்மாவும், ஆசிரியர் குடும்பம், தங்கள் சொந்தப் பணத்தில் தேடித் தேடிச் சேர்த்தது ஒரு லட்சத்துக்கும் மேல். வேண்டாம் என்று யாரோ தள்ளிவிட்டதால் நிரம்பிய நூலகமா அது?

ஆகவே அடுத்த வாரம் வரை மறுபடி அவகாசம் கேட்கிறேன். இந்த முறை என்ன கொண்டுவர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே பாடத்திட்டம் வேறு, சாதாரண தரம், உயர் தரம் என்று அவர்களுக்குத் தேர்வு வேறு. நம் பாடப் புத்தகமும் கைடும் அங்கே செல்லாது, வேண்டாம். கதைப் புத்தகம், படப் புத்தகம், நபிமார்கள் ஸஹாபாக்கள் வரலாறு, அறிவியல், விலங்கு பறவை, தமிழ் அகராதி, உலக வரைபடம். சிரிக்க வைக்கிற புத்தகமும் கொண்டுவாருங்கள், யத்தீம் என்றால் எப்போதும் உபதேசம்தான் படிக்க வேண்டுமா? பழையதானாலும் பரவாயில்லை, பக்கம் எல்லாம் இருக்க வேண்டும். பெட்டியில் போடும் முன் உங்கள் பிள்ளை கையில் கொடுத்துப் பாருங்கள். அது வாங்கிப் புரட்டினால் கொண்டுவாருங்கள். முகத்தைத் திருப்பினால் பழைய பேப்பர்க்காரரிடம் போடுங்கள், அந்தக் காசைக் கொடுங்கள், திருச்சியில் புதிதாக வாங்கிக்கொள்வோம்.

உங்கள் பிள்ளைக்குப் பிடித்த புத்தகத்தையே அது கொடுக்க முன்வந்தால் தடுக்காதீர்கள். ஆலு இம்ரானின் 92-ஆவது வசனம், நீங்கள் நேசிப்பதிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடையமாட்டீர்கள் என்பது இறங்கியபோது அபூதல்ஹா (ரலி) தமக்கு மிகப் பிடித்த பைருஹா தோட்டத்தையே கொடுத்தார்கள். நம்மிடம் தோட்டம் கேட்கவில்லை.

அஸருக்குப் பிறகு பள்ளித் திண்ணையில் மோதினார் பாய் இருப்பார். பிரித்து அடுக்க நான்கு பிள்ளைகள் வேண்டும், நம் தெருவில் தகப்பன் இல்லாத இரண்டு பிள்ளைகளைத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறேன். எந்தப் புத்தகம் போகலாம், எது போகக் கூடாது என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள், நான் தலையிடமாட்டேன். அவர்களுக்குப் பிடித்ததை முதலில் அவர்களே எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டேன். என் வீட்டு அலமாரியிலிருந்து அந்த நபிமார் வரலாற்று வரிசை இன்றைக்கே வருகிறது. மகளிடம் சொல்லிவிட்டேன், அவள்தான் எடுத்து வைத்தாள்.

யா அல்லாஹ், யத்தீமாக வளர்ந்த உன் ஹபீபின் பொருட்டால் அந்தப் பிள்ளைகளின் நெஞ்சைத் திறந்துகொடு. பலகை சுமந்தவர்களின் கையில் பரக்கத் செய். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்ததையெல்லாம் மன்னித்துவிடு. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.